நூடுல்ஸ் அம்மா

செத்த நாயை ஒரு துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு லொரெட்டா என் வாசலில் நின்றாள். வாழைத்தோப்பில் ஓர் ஓரமாக அதைப் புதைக்க இடம் வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் நாங்கள் செத்தவர்களைச் சொந்த வாழைத்தோப்பில்தான் அடக்கம் செய்வோம். என் மாமனார், மாமியார், வீட்டுக்காரர் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாயா?

முற்றத்தில் காபிக்கொட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த என் கொழுந்தன் கிமாரோ நிமிர்ந்து பார்த்தான்.

"விட்டா சர்ச் மணியையும் அடிக்கச் சொல்லுவாங்க போல, அண்ணி."

லொரெட்டா சிரித்தாள். அமெரிக்கர்கள் அப்படித்தான், எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவார்கள்.

மூன்று வருடமாக என் பின்கட்டில் குடியிருக்கிறாள். நர்சிங் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். ஐம்பது வயதில், புருஷன் பிள்ளை யாரும் இல்லாமல், அந்தச் சுருட்டைமுடி நாயை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவள்.

நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அமெரிக்கர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா என்ன? பெற்றவர்களை முதியோர் விடுதியில் தள்ளிவிடுவார்கள். பிள்ளை பெறச் சோம்பல்பட்டு நாய் வளர்ப்பார்கள். அதற்கு மெத்தை, அதற்குப் பிறந்தநாள் கேக்.

எங்கள் ஊரில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் அவள் சொந்தப் பெயர் அதோடு சரி. நான் அனாயெலியின் அம்மா. கையெழுத்துப் போடும்போதுதான் என் பெயரே எனக்கு ஞாபகம் வரும்.

பிள்ளை இல்லாதவளை எப்படிக் கூப்பிடுவது? நாயின் பெயர் நூடுல்ஸ் என்றாள். வந்த அன்றே 'நூடுல்ஸ் அம்மா' என்று நான்தான் ஆரம்பித்துவைத்தேன். சந்தையில் வாழைக்காய் விற்பவளிலிருந்து பாதிரியார்வரை எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. கூப்பிட்டுவிட்டு நாங்கள் சிரிப்போம். திரும்பிப் பார்த்து அவளும் சிரிப்பாள்.

"நூடுல்ஸ் அம்மா, நாய் செத்தா நாங்க குப்பைக்குழியிலதான் போடுவோம்" என்றேன். "தோப்புல புதைச்சா ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும்."

அவள் நகரவில்லை. துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிமாரோ சும்மா இருப்பானா? "அது கிடக்கட்டும். வளர்ந்த மனுஷி யாராவது நாய்க்குப் போயி நூடுல்ஸ்னு பேர் வைப்பாங்களா?"

"வளர்ந்தவங்க வைக்க மாட்டாங்க" என்றாள் லொரெட்டா. "என் மக வச்சா. அப்ப அவளுக்கு ஆறு வயசு. ஒம்பது வயசுலயே போயிட்டா."

கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்த கிமாரோவின் கை நின்றுவிட்டது.

மூன்று வருடம். என் அடுப்படியில் உட்கார்ந்து எத்தனை கோப்பை தேநீர் குடித்திருப்பாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உனக்குப் பிள்ளை இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தேன். என் வீட்டுக்காரரின் கால்மாட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. பின்னாலேயே வந்த கிமாரோ என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக் குழி வெட்டினான்.

அவள் துண்டோடு நாயைக் குழிக்குள் இறக்கினாள். அவன் மண்ணைத் தள்ளி மூடினான். எல்லாம் முடிந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

"வேற ஏதாவது வேணுமா, நூடுல்ஸ்..." என்று தொடங்கிய நான் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாத அந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"முழுசாக் கூப்பிடுங்க" என்றாள். "அவ போனப்புறம் அங்க யாருமே என்னை அம்மான்னு சொல்றதில்ல. நீங்கதான் சொன்னீங்க. கேலிக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்தேன்."



கிமாரோ மண்வெட்டியை வாழைமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க, நூடுல்ஸ் அம்மா. கை கழுவிக்கலாம்."