சரிபார்க்கப்பட்டது

மெக்கானிக்கின் மனைவியின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், "இவங்களுக்கு பிரஷர் பாக்கறீங்களா?" என்று கேட்டதும் மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

யாரைப் பார்த்து என்ன கேள்வி. பிரஷர் பார்க்கும் கருவிகளை ரிப்பேர் செய்தே தலை நரைத்த மனிதர் அவர். ஊரில் பாதி ஆஸ்பத்திரிகளின் கருவிகள் அவர் மேஜைக்கு வந்து போனவை.

"ஞாயித்துக்கிழமை தவறாம, நான் சரிபண்ணின கருவியில நானே பாக்கறேன் சார். நூத்தி இருபது, எண்பது. ஒரு நாளும் கூடினதில்ல."

அதனால்தான் அவளுடைய பின்னந்தலை வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தார். மூக்கில் ரத்தம் வந்தபோது வெயில் என்றார். மாடிப்படியில் மூச்சு வாங்கியபோது வயசு என்றார். வலது கண் மங்கியதும் கண்ணாடியை மாற்றினார், அதுவும் இரண்டு முறை.

அவளும் வாயைத் திறக்கவில்லை. கருவியே சரி என்று சொன்னபிறகு வலிக்கிறது என்றால், அவர் தொழிலைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

டாக்டர் தன் கருவியை அவள் கையில் சுற்றினார். இருநூற்று இருபது, நூற்று முப்பது.

கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இன்றே சேர்க்க வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் கண்ணோடு நிற்காதாம். மூளை, சிறுநீரகம் என்று போகுமாம்.

மெக்கானிக் அசரவில்லை. கோளாறு உங்கள் கருவியில்தான் என்று சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

டாக்டர் சுற்றினார். இருநூற்றுப் பத்து.

நர்ஸ் பெட்டி பிரிக்காத புதுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதிலும் இருநூற்றுப் பத்துதான்.

மெக்கானிக்கின் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

இருபது வருடங்களுக்கு முன்பு ஒரு டாக்டர் அவருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, அச்சு வார்த்த மாதிரி நூற்று இருபது என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து எந்தக் கருவி வந்தாலும் தன் கையில்தான் சுற்றிப் பார்ப்பார். முள் நூற்று இருபதில் வந்து நிற்கும்வரை உள்ளே திருகுவார். நின்றதும் சரிபார்க்கப்பட்டது என்று சீட்டு ஒட்டி அனுப்பிவிடுவார்.

வருடத்துக்கு வருடம் அந்தக் கையில் பிரஷர் ஏறிக்கொண்டே போனது அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார்.

அவள் முந்திக்கொண்டாள்.

"என்னை அப்புறம் பாத்துக்கலாங்க. போன வாரம் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆறு கருவி அனுப்புனீங்களே, முதல்ல அங்க போன் பண்ணுங்க."