ஒரு நூல் கோணல்

"இதைக் கோணல்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

டாக்டர் மெரெத்தெ விளக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த பெரித்தின் மேலுதடு, இடப்பக்கம் மட்டும் ஒரு நூலளவு மெலிந்திருந்தது. அவ்வளவுதான்.

"எங்கம்மா."

"சரியாப் போச்சு! எங்கம்மா என் மூக்கை இன்னிக்கும் கிண்டல் பண்ணுவாங்க. அதுக்காக நான் மூக்கை மாத்திக்கிட்டேனா?"

பெரித் சிரிக்கவில்லை.

"வீட்டுல வேற யாரும் எதுவும் சொல்லலையே?"

"வீட்டுல வேற யாரும் இல்லை."

டாக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "பிறந்ததுலேர்ந்தே இப்படித்தானே? ஐம்பத்தாறு வயசு வரைக்கும் விட்டுட்டு, இப்ப எதுக்கு?"

பெரித் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். "இந்த மாதிரி ஆகணும்."

அதே கண்கள். அதே வெளுத்த புருவம். உதடு மட்டும் நேர்.

"அட, இது நீங்கதானே! முன்னாடியே ஒரு தடவை உதட்டை நிரப்புற ஊசி போட்டிருக்கீங்களா?"

"இந்த மாதிரி வருமா, வராதா? அதைச் சொல்லுங்க."

"வரும். ஆனா ஊசி மருந்து ஒரு வருஷத்துக்குள்ள கரைஞ்சிடும். உதடு வீங்கும், கன்னிப் போகும். என்னைக் கேட்டா வேண்டாம்பேன். ஒரு வாரம் யோசிச்சிட்டு வாங்க."

வெளியே பெர்கன் நகரம் வழக்கம்போல் நனைந்துகொண்டிருந்தது. பெரித் நேரே முதியோர் இல்லத்துக்குப் போனாள். வேலை விட்டதும் தினமும் அங்கேதான். அறைக்கதவைத் திறந்தவுடன் அம்மாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. பெரித் கன்னத்தைக் கொடுக்கக் குனிந்தாள். அம்மா அவள் வாயையே உற்றுப் பார்த்தாள். மலர்ச்சி போன இடம் தெரியவில்லை.

"கோணல்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாஃபிள் கொண்டுவந்திருக்கேம்மா. உனக்குப் பிடிச்ச பழுப்புச் சீஸ் வெச்சு."

பெரித் அம்மாவின் தலையை வாரிவிட்டாள். அலுவலகத்துக் கதைகளை அந்த முதுகிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் மீன் சூப்பைச் சட்டியிலிருந்தே குடித்தாள். ஒருத்திக்காகத் தட்டு எடுப்பானேன்? பிறகு கண்ணாடி முன் நின்று, விரலால் உதட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விட்டாள். மறுபடி தூக்கினாள். இதுவும் போய்விட்டால், தன்னுடையது என்று சொல்ல இந்த முகத்தில் என்ன மிஞ்சும்? போனால்தான் என்ன, இவளைத் தேட யார் இருக்கிறார்கள்?

வாரம் முடிந்ததும் போய் ஊசி போட்டுக்கொண்டாள்.

உதடு வீங்கி ஊதா நிறமானது. வீக்கம் வடியும்வரை பெரித் இல்லத்துப் பக்கம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் அழைத்துக் கேட்கவுமில்லை.

உதடு படத்தில் இருந்ததுபோலவே ஆனதும் போய்க் கதவைத் திறந்தாள். குனிந்தாள். அம்மா வாயைப் பார்த்தாள். இந்த முறை மலர்ச்சி வாடவில்லை.

"தோரில்!" இரண்டு கைகளாலும் முகத்தை அள்ளிக்கொண்டாள். "எங்கடி போயிருந்த இத்தனை நாளா?"

ஒரே பிரசவத்தில் தனக்குப் பின்னால் வந்த தங்கை தோரில் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டதைப் பெரித் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். அம்மா ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பதுபோல அழுவாள். மறுநாள் மறந்துபோய், தோரிலைத் தேடுவாள். இனி அதைச் சொல்ல வேண்டியதில்லை.

"இங்கதாம்மா இருக்கேன். இனிமே எங்கயும் போக மாட்டேன்."

அம்மா நிம்மதியாகத் தலையாட்டினாள். பிறகு அவள் தோளுக்குப் பின்னால், கதவைப் பார்த்தாள்.

"நீ வந்துட்ட, சரி. பெரித் எங்கடி? ஒரு நாள் தவறாம வருவாளே, இப்ப கொஞ்ச நாளா ஆளையே காணோம். எனக்கு என்னவோ போல இருக்கு... போய் அவளைக் கூட்டிட்டு வாடி."