நாலு ஆர்ட்டின்

புருஷனுடைய மேலதிகாரி மனைவிக்குச் சீட்டாட்டத்தில்கூட ஆமாம் போடுகிற பெண்ணைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

கம்பத்து ஆபீசர் கிளப்பில் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மற்றவர்களும் அதைத்தான் நினைத்தார்கள்.

அவள் பெயர் கிருபாவதி. கால்வாய் ஓவர்சியர் பீட்டர்ராஜின் மனைவி. பிரிட்ஜ் ஆட நாலாவது ஆள் குறைகிறது என்று கூப்பிட்டதால், ஏழு மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு ஜோடி, புதிதாக வந்த என்ஜினீயரம்மா. எதிர் ஜோடி, டாக்டரம்மாவும் தாசில்தாரம்மாவும்.

திங்கட்கிழமை லிஸ்ட் வருகிறது. மழைக்காலம் முழுக்க மேலே அணைக்கட்டு முகாமில் யார் கிடப்பது என்கிற லிஸ்ட். போன வருஷம் போனவரை மலைக்காய்ச்சலோடு கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கையெழுத்துப் போடுகிறவர் என்ஜினீயர். அவர் யார் பேச்சைக் கேட்பார் என்பது ஊருக்கே தெரியும்.

“நாளைக்கும் ஆட வர்றியா?” என்றாள் டாக்டரம்மா.

“இல்லீங்கம்மா, கூடலூர் போறேன். பொறந்த வீட்டுக்கு.”

“கூடலூரா? அது எந்தப் பக்கம்?” என்றாள் என்ஜினீயரம்மா. “இந்தப் பட்டிக்காட்டுப் பேரெல்லாம் எனக்கு வாயில நுழையறதே இல்லை. மெட்ராஸ்லயே இருந்து பழகிட்டேன்.”

கிருபாவதி சிரித்து வைத்தாள். ஆனால் அந்த மெட்ராஸ் பேச்சை நம்பவில்லை. காரணம், போன ஆட்டம்.

போன ஆட்டத்தில் டாக்டரம்மா கிளாவர் ஏஸைப் போட்டாள். என்ஜினீயரம்மா அதன்மேல் கிளாவர் ஒன்பதை ஓங்கி அடித்து, பிடியை வாரக் கையை நீட்டிவிட்டாள்.

“ஏஸ் என்னுது” என்றாள் டாக்டரம்மா.

“ஓ, ஞாபகப் பிசகு.”

ஞாபகப் பிசகா? ஏஸை ஒன்பது வெட்டுவது இருபத்தெட்டு ஆட்டத்தில். அதில் ஜாக்கி பெரிசு, அடுத்தது ஒன்பது. குமுளி மலையிறங்கி வந்த ஆட்டம்; கூடலூரில் பல்லு முளைத்த பிள்ளைக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாக மெட்ராஸில் பிரிட்ஜ் ஆடுகிறவளுக்கு எப்படித் தெரிந்தது?

அதற்குள் அடுத்த சீட்டுப் போட்டாகிவிட்டது.

“ரெண்டு ஆர்ட்டின்” என்றாள் என்ஜினீயரம்மா, கெட்டியான குரலில்.

“பாஸ். பன்னெண்டு வருஷத்து ஆட்டம்னு சொன்னீங்க” என்றாள் டாக்டரம்மா. “இந்தத் தடவையாவது உங்க சீட்டைக் கண்ணால பாக்கணும்.”

கிருபாவதி தன் கையை விரித்தாள். ஆர்ட்டினில் ஏஸ், ராஜா, ராணி, பத்து நாலும் அவளிடமே இருந்தன.

அப்படியானால் அந்தம்மா எதை நம்பி ஆர்ட்டின் கேட்டாள்? மிச்சமிருப்பதில் பெரிசு ஜாக்கியும் ஒன்பதும்தான். சந்தேகமே இல்லை, இருபத்தெட்டுக் கணக்கு.

இஸ்பேட்டில் ஆறு சீட்டு, ஏஸிலிருந்து ஜாக்கி வரை வரிசையாக. ‘ரெண்டு இஸ்பேட்’ என்று சொல்லலாம். சொன்னால் தன் ஆட்டம், நல்ல பேர்.

ஆனால் பிரிட்ஜில் துருப்பை முதலில் கேட்டவர்தான் ஆடுவார். அவர் ஜோடியின் சீட்டு அத்தனையும் மேசையில் விரிந்து கிடக்கும். இஸ்பேட் என்றால் என்ஜினீயரம்மாவின் சீட்டு விரியும். ஜாக்கியையும் ஒன்பதையும் வைத்துக்கொண்டு ரெண்டு ஆர்ட்டின் கேட்டதை டாக்டரம்மா பார்த்தால், சாயங்காலத்துக்குள் கம்பம் முழுக்கச் சிரிக்கும்.

ஆர்ட்டினுக்கே கூடப் போனால் விரிவது தன் சீட்டு. ஆனால் ஆடுவது அந்தம்மா. ஏடாகூடமாக ஆடித் தோற்றால்? “உன்னாலதான்” என்று பழி வந்தால்? லிஸ்ட் கண்ணுக்குள் வந்து நின்றது.

“பிள்ளை பெத்த நேரத்தைவிட அதிகமாகுதே” என்றாள் தாசில்தாரம்மா.

“நாலு ஆர்ட்டின்.”

மூன்று பேரும் பாஸ்.

கிருபாவதி சீட்டை விரித்தாள். முதல் மூன்று பிடியையும் எதிராளிகள் கிளாவரில் எடுத்தார்கள். நாலாவதற்கு டாக்டரம்மா மேசையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், சீட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

“நாலு ஆர்ட்டினுக்கு வேண்டிய பத்துப் பிடியும் இங்கயே கிடக்கே. இதை ஆட வேற செய்யணுமா?”

என்ஜினீயரம்மாவின் சீட்டு யார் கண்ணிலும் படாமல் கட்டுக்குள் போய்விட்டது.

டாக்டரம்மா எழுந்தாள். “இப்பேர்ப்பட்ட இஸ்பேட்டை வச்சுக்கிட்டு பின்பாட்டுப் பாடுறியே கிருபா. லிஸ்ட் படுத்துற பாடு.”

தாசில்தாரம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். இருவரும் காப்பிக்குப் போனார்கள். கிருபாவதி முகம் எரிய, தன் செருப்பைத் தேடினாள்.

“ஏத்தா.”

திரும்பினாள். அறையில் என்ஜினீயரம்மாவைத் தவிர யாருமில்லை.

“அம்புட்டு இஸ்பேட்ட வச்சுக்கிட்டு ஏன் என் பின்னால வந்த?”

“உங்க சீட்டு மேசைக்கு வரக்கூடாதுன்னுதாம்மா.”

“லிஸ்டுக்காக இல்ல?”

“அதுவும் உள்ளுக்குள்ள இருந்துச்சும்மா. இல்லேன்னா பொய்யி.”

“ஒன் வீட்டுக்காரர் பேரு அதுல இல்ல. கைப்பிள்ளக்காரின்னு முந்தாநாளே அவுககிட்டச் சொல்லி அடிச்சாச்சு. யார்ட்டயும் சொல்லிக்கிறாத.”

என்ஜினீயரம்மா சீட்டுக்கட்டை டப்பாவில் வைத்து மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

“கூடலூர் சந்தையில, புளியமரத்துக்குக் கீழ, மொச்சப்பயறு விக்கிறது எங்காத்தா. பஞ்சம்மான்னு பேரு. பார்த்துப் பதிமூணு வருஷமாச்சு. நாளைக்கு அங்கன போனா, மொக்கம்மா நல்லாருக்கான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிருத்தா.”