இழுத்து விட்ட தெரு

"ஒரே விரலால எங்க தெருவையே தூக்கி ஊர்க்கடைசியில வச்சிட்டேன்க்கா" என்றான் தணிகாசலம். "தெருநாயையுமாடா?" என்று தன் வீட்டு அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள் அக்கா செண்பகவல்லி. "நாய், கொசு, தண்ணி டேங்க், எல்லாத்தையும்." அவள் நம்பவில்லை, புரையேறும்வரை சிரித்தாள். அவன் சொன்னதில் பொய் கொஞ்சம்தான். ஏரிக்கரையில் இடிக்கவேண்டிய தெருக்களின் பட்டியல் அவன் பராமரித்த அலுவலக இணையதளத்தில் இருந்தது. எண்களை அடித்து அடித்து வரிசை மாற்றுவதில் அதிகாரிக்குச் சலிப்பு. மவுஸால் பிடித்து இழுத்தாலே மாறும்படி செய்துதரச் சொன்னார். செய்தான். சரிபார்க்கிறேன் பேர்வழி என்று முதலில் இருந்த தன் தெருவை இழுத்து நாற்பதாவதாக விட்டான். திரை அதை அப்படியே சேமித்துக்கொண்டது. பட்டியலில் தெருப்பெயர்கள் இல்லை, சர்வே எண்கள்தான். தன் எண் மட்டுமே அவனுக்கு மனப்பாடம். இரண்டாவது எண் ஒரு படி மேலேறியதைப் பார்த்தான். அது யாருடையது என்று பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அவன் அக்கா வீட்டுக்கு ஓடி வந்தபோது, அடுப்படி இருந்த இடத்தில் தோசைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பொக்லைன் பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்தது. "நேத்துவரைக்கும் உங்க தெருதான் மொதல்ல இருந்துச்சாம், டிரைவர் சொன்னாரு" என்றாள் அவனைப் பார்க்காமல். "நீ சொன்னது நெசந்தான்டா."