கயிற்றின் கனம்

"ஏளா சலேத், என் கல்லை எங்க?"

கிணற்றடியில் நின்று கத்தினான் கஸ்பார். கப்பியில் வெறும் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"கோழிக்கூட்டுக்குப் பின்னால உருட்டி வச்சிருக்கேன். இன்னைக்கு அதுக்கும் லீவு, உங்களுக்கும் லீவு," என்றாள் தங்கை. "கை வீங்கிக் கெடக்கதைப் பாருங்கண்ணே. வாரத்துல ஒரு நாளாவது சும்மா இருக்கணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லா?"

"டாக்டருக்கு என்ன? கடலுக்குள்ள இறங்கப் போறது அவரா? உம் புருசன்!"

சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன் பிடிப்பதுதான் அவர்கள் வழக்கம். தங்கையின் தாலியை எந்த அண்ணனும் கை நழுவ விடமாட்டான் என்ற நம்பிக்கை. இனிகோவின் கயிறு கஸ்பாரின் கையில் இருந்தது.

போன வருடம் படகுத்துறையில் வழுக்கி விழுந்ததில் கஸ்பாரின் வலது கை முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அதில் பலம் இல்லை. இனி நான் எதற்கு என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவனை இனிகோதான் வந்து எழுப்பினான்.

"வேற எவன் பிடிச்சாலும் நான் இறங்கமாட்டேன் மச்சான்."

அந்த ஒரு வார்த்தையில் கஸ்பார் எழுந்தான். புதுத் துறைமுகத்துக்குப் போன லாரியிலிருந்து விழுந்த கருங்கல் ஒன்றை எடுத்துவந்து கிணற்றுக் கயிற்றில் கட்டினான். விடிந்ததும் அதை ஏற்றி இறக்குவதுதான் முதல் வேலை. ஒரு நாள் விட்டுப்போனால்கூடத் திருடியவன்போலக் கூனிக்குறுகிப் போவான். கோயிலில் சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்திலேயே அதைச் சொல்லியிருக்கிறான்.

"சாமியார் சிரிச்சது மறந்துபோச்சாக்கும்?" என்றாள் சலேத். "ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாருன்னு சொன்னாருல்லா?"

"ஆண்டவருக்குத் தண்ணிக்குள்ள மாப்ள கெடையாதே!"

சலேத் வாய்விட்டுச் சிரித்தாள். புருஷனின் உயிரைப் பற்றிய பேச்சில் இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது? கஸ்பாருக்கு எரிச்சலாக வந்தது. கல்லை உருட்டி வந்து கட்ட நேரமில்லை. வள்ளம் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

துறைமுகத்துக் கிரேன்கள் தீக்குச்சிகளாகச் சிறுத்துப்போன தூரத்தில் நங்கூரம் போட்டார்கள். கடல் அன்று கண்ணாடியாகக் கிடந்தது.

"மாப்ளே, இன்னைக்கு இறங்க வேண்டாம்," என்றான் கஸ்பார். "காலையில கல்லு தூக்கலை. கை எப்படி இருக்குமோ, என்னமோ."

"ஒரு நாள்ல கரைஞ்சு போக உங்க கை என்ன உப்பா மச்சான்?"

"வெளையாடாதீரும். எந் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லணும்."

வள்ளத்தை ஓட்டும் தண்டல் தேவதாசன் பின்னாலிருந்து அதட்டினார். "ஏலே இனிகோ, பேசிப்பேசியே மூச்ச வீணாக்காத. இறங்குலே."

இனிகோ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, சங்குப் பை கட்டிய கயிற்று நுனியைப் பிடித்தபடி குதித்தான்.

கஸ்பார் எப்போதும்போல மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி முன்பக்கம் உட்கார்ந்தான். இழுக்கச் சொல்லும் அடையாளமாக அடியிலிருந்து கயிறு இரண்டு முறை அசைந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். மாதாவை நினைத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொண்டே இழுப்பது அவன் வழக்கம். மந்திரம் முடியும்போது இனிகோ கயிற்றைப் பிடித்தபடி தலை தூக்குவான்.

இன்று கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

கயிறு பூவைப்போல வந்தது.

கண் திறந்தால், இனிகோ எதிரே சிரித்துக்கொண்டிருந்தான். பையில் சங்குகள்.

இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறையும் அப்படித்தான். கல் தூக்கிய நாட்களில் எவ்வளவு லேசாக வந்ததோ, தூக்காத இன்றும் அவ்வளவு லேசு. வலிகூட இல்லை.

கஸ்பாருக்கு உடம்பு புல்லரித்தது. தினமும் கல்லோடு மல்லுக்கட்டியதால் வந்த பலம் என்றல்லவா நினைத்திருந்தான்! வீங்கிய கையை மடியில் வைத்துப் பார்த்தான். அப்படியானால் இத்தனை நாளும் இழுத்தது இந்தக் கை இல்லையா? மாதாவே, உன் கையா? அது தெரியாமல் ஒரு நாள் ஓய்வுக்கா இப்படிப் பயந்து செத்தேன்?

கண்ணில் நீர் கோத்தது. வானமும் கடலும் ஒரே நீலமாக, ஒரு பெரிய கோயிலுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"என்ன மச்சான், அழுதீங்களா?"

"உப்புக் காத்து. நீரு இறங்கும்."

இனிகோ மறுபடி முங்கினான். கயிறு இரண்டு முறை அசைந்தது. இந்த முறை கஸ்பார் கண்ணை மூடவில்லை. அந்த அதிசயத்தை ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட ஆசை. மந்திரத்தை முணுமுணுத்தபடி, தெளிந்த தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே இழுத்தான்.

கயிற்றின் நுனி தெரிந்தது. அதில் சங்குப் பை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இனிகோ இல்லை.

மந்திரம் பாதியில் நின்றது. தங்கையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அலறுவதற்கு வாயைத் திறந்தான்.

அப்போது முதுகுக்குப் பின்னால், வள்ளத்தின் மறுபக்கத்துத் தண்ணீரிலிருந்து, மூச்சு வாங்கும் ஒரு குரல் ரகசியமாகக் கேட்டது.

"தண்டலே, மச்சான் கண்ணை மூடியிருக்காரா? வள்ளத்துக்கு அடியில முங்கிப் போயிக் கயித்தப் பிடிச்சுக்கிடட்டுமா?"

"என்னைக்கும் போல மூடித்தான் இருப்பாரு. ஏலே, சத்தம் போடாமப் போ."

கஸ்பார் அவசரமாகக் கண்களை இறுக மூடிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மந்திரத்தை உரக்கச் சொன்னான். கயிற்றை மட்டும், மாப்பிள்ளை வந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று, கொஞ்சம் மெதுவாக இழுத்தான்.