டெல்பினாவின் சாவி

மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து தினமும் ஐந்து ராக்கெட்டுகள் கிளம்பின. எல்லாம் திட எரிபொருள் ராக்கெட்டுகள். ஒருமுறை பற்றவைத்துவிட்டால் யாராலும் அணைக்க முடியாது. அதனால் கடைசிச் சாவி மீனவர்களிடம் இருந்தது. கடலில் படகு எதுவும் இல்லை என்று பார்த்து, அவர்கள் சார்பில் டெல்பினா அதைத் திருப்பினால்தான் ராக்கெட் பற்றும்.

அன்று மாலை கிளம்பவிருந்த ராக்கெட்டில் அவள் மகள் ஜெனோவா கல்லூரியில் செய்த சின்னச் செயற்கைக்கோள் இருந்தது. மூன்று வருட உழைப்பு. ஜெனோவா தோழிகளோடு கரையில் காத்திருந்தாள்.

இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போது கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு புள்ளி தெரிந்தது. இஞ்சின் நின்றுபோன வள்ளம் ஒன்று தடை எல்லைக்குள் மிதந்து வந்திருந்தது.

"ஓரத்தில்தானே நிற்கிறது! அதன்மேல் எதுவும் விழாதும்மா. இந்த நேரத்தைத் தவறவிட்டால், வரிசையில் உங்கள் மகளுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் இடம் கிடைக்கும்," என்றார் ஏவுதள அதிகாரி.

"அதுல ஆள் இருக்குல்ல சார்," என்று சொல்லி டெல்பினா சாவியை உருவிக்கொண்டாள்.

மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே கரைக்கு வந்தாள். ஜெனோவாவைக் காணோம். தோழிகள் கடலைக் காட்டினார்கள். ராக்கெட் நின்ற காரணம் தெரிந்ததும் அவள் தன் தாய்மாமனின் படகில் ஏறி, அந்த வள்ளத்தை இழுத்துவரப் போயிருந்தாள்.

பொழுது சாயும் முன்னே இரண்டு படகுகளும் ஒன்றாகக் கரை சேர்ந்தன. ஜெனோவா முழங்கால் தண்ணீரில் குதித்து இறங்கினாள்.

"எட்டு மாசம் கெடச்சிருக்கும்மா," என்று சிரித்தாள். "அந்தச் செயற்கைக்கோள் ஆன்டெனா எனக்கே திருப்தியா இல்ல."