இன்னொரு கூடை

துரைராஜை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில், மாசி மகப் பௌர்ணமி சாயங்காலம். விடுதியின் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார். கையில் காலிக் கூடை.

எதிரே துணி மூட்டையோடு சின்னப்பையன். பேர்தான் அப்படி. மீசை அரும்பிவிட்டது.

"வழி விடுண்ணா. கன்னியம்மாவைக் கும்பிடப் போவணும்."

"இன்னிக்கு இந்தக் கேட்டைத் தாண்டினா படிப்பு போச்சு. தெரியுமில்ல?"

"போவட்டும். நீ இருளனாப் பொறந்தவன்தானா?"

"கேள்வி கேட்டதுக்கு ஒரு கூடை. மணலை அள்ளிப் பின்கட்டுல கொட்டு."

எதிர்வீட்டு வாசலில் என்னோடு நின்ற என் மனைவி சுலோச்சனாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா ஜென்மம் இது? சொந்த சனத்துப் புள்ளைங்களையே இந்தப் பாடு படுத்துறான்."

அவள் சொன்னதில் தப்பில்லை. மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்ட புதிது அப்போது. மயிலாப்பூர்ப் பெரிய மனிதர்கள் சிலர் எங்கள் வீட்டுக்கு எதிரே இருளர் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்தினார்கள். துரைராஜும் இருளர்தான். எட்டாவது தேறியவர் என்று அவரையே வார்டனாக வைத்திருந்தார்கள்.

விடுதிக்குள் யாரும் இருளர் பேச்சுப் பேசக்கூடாது. இது செயலாளர் பத்ரிநாராயணன் போட்ட சட்டம். அவர் வக்கீல். மீறினவனுக்கு என்ன தண்டனை என்பதை மட்டும் துரைராஜிடம் விட்டிருந்தார்.

துரைராஜ் வைத்த தண்டனை இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் கடற்கரை வரை நடந்துபோய் ஒரு கூடை மணல் சுமந்து வரவேண்டும்.

"எதுக்குடா மணல்?" என்று பத்ரிநாராயணன் கேட்டது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

"இங்க பூரா களிமண்ணுங்க. மழை பெஞ்சா முற்றம் சேறாவுது."

"நன்னா யோசிச்சிருக்கே. ஒரு கூடை போறாது. ரெண்டா ஆக்கிடு."

ரெண்டாயிற்று. முன்சுவர் ஓரமாக மணல் ஏறிக்கொண்டே போனது. முற்றத்தில் மட்டும் ஒரு பிடி விழவில்லை.

சுலோச்சனாவுக்கு ஒன்று பிடிபடவில்லை. "லஸ் முனையாண்ட பசங்க மணலோட வரப் பார்த்தேன். ரோடெல்லாம் அதுங்க பாட்டுக்கு அந்தப் பேச்சையே பேசிக்கினு வருதுங்க. இவன் பின்னாலயே செவிடனாட்டம் வரான். உள்ள பேசினா மட்டும் எப்படிக் காது கேக்குது?"

எனக்கும் தெரியவில்லை.

வருஷத்தில் ஒரு நாள், மாசி மகத்தன்று, இருளர் சனமெல்லாம் மகாபலிபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மாவைக் கும்பிடும். முந்தின வருஷம் விடுதியிலிருந்து இரண்டு பையன்கள் சொல்லாமல் போனார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் பெட்டி தெருவில் கிடந்தது. இந்த வருஷம் பத்ரிநாராயணன் கையெழுத்துப் போட்டுச் சுவரிலேயே ஒட்டிவிட்டார்: மகத்தன்று கேட்டைத் தாண்டினவன் திரும்பி வரவேண்டாம்.

அன்று கேட்டடியில் சின்னப்பையன் முறைத்துக்கொண்டே கூடையை வாங்கினான். மற்றப் பையன்கள் மத்தியானத்திலிருந்தே மணலைப் பின்கட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

நிலா எழும்புகிற நேரத்துக்குப் பத்ரிநாராயணன் வண்டியில் வந்து இறங்கினார், தலை எண்ண. முன்கூடத்தில் ஒருவரும் இல்லை. பின்கட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. இருளர் பேச்சில்.

"ஓய், நீரும் வாரும். சாட்சிக்கு" என்று என்னைக் கூப்பிட்டார். சுலோச்சனாவும் கூடவே வந்தாள்.

பின்கட்டில் அந்த மணலெல்லாம் படிப்படியாக ஏறி நின்றது. ஏழு படி. படிக்குப் படி மஞ்சளும் பூவும். பையன்கள் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அடியெடுத்துக் கொடுத்தவர் துரைராஜ்.

"என்னடா இது?"

துரைராஜ் பாட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"எங்க கன்னியம்மாவுக்குக் கோயில் கெடையாதுங்க. கடல் மணல்ல ஏழு படி கட்டினா வருவா. எங்க கட்டினாலும் வருவா."

"அத்தனை பேரையும் இப்பவே வெளியில தள்றேன் பார்."

"முடியாதுங்க. எண்ணிப் பாருங்க, ஒருத்தன்கூடக் கேட்டைத் தாண்டலை. உங்க கையெழுத்து செவுத்துலயே இருக்குது."

"இந்தப் பேச்சுல பாடினதுக்கு?"

"அதுக்குத் தண்டனை மணலுங்க. ஞாயித்துக்கெழமை போயி கொண்டாருவாங்க."

வக்கீல் கேட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"அப்போ நீ போடா வெளியில."

"போறேங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ரெண்டு கூடைன்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு கும்பிடு. ஒரு கூடையோட விட்டிருந்தீங்கன்னா நாலாவது படியிலயே நின்னிருக்கும்."

சின்னப்பையன் எழுந்துவிட்டான். "அண்ணா, நானும் வரேன்."

"உக்காரு. கேட்டைத் தாண்டினா படிப்பு போச்சு. பாட்டை விடாதே."

அன்றைக்குக் கேட்டைத் தாண்டினது அவர் ஒருவர்தான்.

சுலோச்சனா வீட்டுக்குப் போய் எங்கள் சாமி விளக்கை ஏற்றி எடுத்துவந்தாள். ஏழாவது படியில் வைத்தாள்.

அந்த ஐப்பசி மழையில் செங்கல்பட்டுப் பக்கம் துரைராஜ் காலராவில் போய்விட்டதாகச் சேதி வந்தது. சின்னப்பையன் அதே விடுதியில் இருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். சுலோச்சனாவும் இப்போது இல்லை.

விடுதி இருந்த மனையில் மாடிவீடு வந்துவிட்டது. எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் களிமண். அந்த வீட்டின் பின்பக்கம் மட்டும், கிளிஞ்சல் கலந்த கடல் மணல் வருகிறது.